கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? மாரி ஈரத்துக்கும் மலைக் குளிருக்கும் திருகோணமலை வாகனக்காரர்களின் கேள்விகள்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை முடியும் வரை கராஜ்களில் அதிகம் கேட்கப்படுவது ஒரே முறைப்பாடுதான்: இரவு நன்றாக ஓடி வந்து நின்ற கார், காலையில் திறப்பைத் திருகினால் எழும்புவதில்லை. அதையொட்டி எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன. வாகனக் கையேட்டில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

திருகோணமலையில் கார் ஸ்டார்ட் ஆகாத அளவுக்குக் குளிர் ஏது?

வாடைக்காற்றோடு மழை பெய்யும் மார்கழி இரவுகளிற்கூட இங்கு வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தக் குளிர் நல்ல நிலையிலுள்ள எந்த எஞ்சினையும் தடுக்காது. இங்கு தொல்லை தருவது ஈரம். உண்மையான குளிரை நமது வாகனங்கள் சந்திப்பது நுவரெலியாவில். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் வெப்பநிலை சில வேளைகளில் உறைநிலையை நெருங்கும். புற்றரைகளில் துகள் உறைபனி படியும். கரையோர வெக்கையிலேயே ஆண்டு முழுவதும் ஓடிய கார் ஒன்று, ஒரே நாளில் அந்தக் குளிருக்குள் போய் இரவு முழுவதும் வெளியில் நிற்கிறது. மறுநாட் காலையில் அது மறுக்குமானால் குளிரைப் பழிப்பது எளிது. ஆனால் அங்கு வெளிப்படும் கோளாறுகளிற் பெரும்பாலானவை இங்கேயே, பல மாதங்களுக்கு முன்பே, உருவானவை.

கார் எழும்பவில்லை என்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டும். திறப்பைத் திருகும்போது எழும் சத்தம் பாதி விடையைத் தந்துவிடும்.

எந்தச் சத்தமும் இல்லை, டாஷ்போட் விளக்குகளும் எரியவில்லை என்றால் பற்றரி முற்றாக இறங்கியிருக்கிறது அல்லது அதன் முனையிற் பொருத்திய வயர் கழன்றிருக்கிறது. விளக்குகள் எரிந்து, திறப்பைத் திருகியதும் மங்கி, ‘டிக் டிக் டிக்’ என்று விரைவாகத் தட்டும் சத்தம் வந்தால் பற்றரியில் உயிர் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் வலு இல்லை. ஒரேயொரு ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்து, விளக்குகள் மங்காமல் நின்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ அதற்கு மின்சாரத்தை இணைக்கும் சொலனொயிட்டையோ சந்தேகிக்கலாம். ஸ்டார்ட்டர் சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுழன்றால் பற்றரி, முனைகள், தடித்த எஞ்சின் ஒயில் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பற்றரியைக் குறை சொல்வதில் பயனில்லை. எரிபொருள் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை, அல்லது இரண்டும் வந்தும் அளவு பொருந்தவில்லை.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் உடனே புதிய பற்றரி வாங்கிப் போடுபவர்கள் நம்மிடையே ஏராளம். கராஜுக்குத் தொலைபேசியிற் பேசும்போது ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று மட்டும் சொல்லாமல் கேட்ட சத்தத்தைச் சொன்னால், மெக்கானிக் எதைக் கொண்டு வருவது என்று தீர்மானித்துக்கொண்டு வருவார்.

குளிர் பற்றரியை ஏன் பாதிக்கிறது?

பற்றரிக்குள் ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலக் கரைசலுக்கும் இடையே நடக்கும் இரசாயனத் தாக்கத்திலிருந்தே மின்சாரம் பிறக்கிறது. வெப்பநிலை இறங்கும்போது அந்தத் தாக்கம் மந்தமாகும். 25 பாகையில் முழு வலுவோடு நிற்கும் பற்றரி, 0 பாகைக்கு வரும்போது ஸ்டார்ட்டருக்குக் கொடுக்கக்கூடிய வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். அதே வேளை ஒயில் தடித்துப் போவதால் எஞ்சினைச் சுழற்றத் தேவைப்படும் வலு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயரும். வரவு குறைந்து செலவு கூடும் இந்த இடத்தில், ஏற்கெனவே பாதி தேய்ந்த பற்றரி தோற்றுவிடுகிறது.

அதைத் தேய்த்தது எது என்பதே முக்கியமான கேள்வி. கச்சான்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வெயிலில் நிறுத்திய காரின் பொனெட்டுக்குக் கீழே வெப்பம் எவ்வளவு ஏறும் என்பதை இங்குள்ள எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெப்பம் கூடக்கூடத் தகடுகளின் அரிப்பு விரைவுபடும், கரைசலிலுள்ள நீர் வற்றும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. ஆகவே மூன்று ஆண்டுகளைத் தாண்டிய பற்றரியை நுவரெலியாவுக்குக் கொண்டு செல்வதற்கு முன் கட்டாயம் சோதிக்க வேண்டும். இங்கே காலையில் ஒரே திருகில் எழும்புகிறது என்பது அதன் நலத்துக்குச் சான்றாகாது. இங்குள்ள இளஞ்சூட்டில் நலிந்த பற்றரியும் வேலை செய்துவிடும்.

பற்றரியின் நிலையை வீட்டிலேயே அறிய முடியுமா?

முடியும். ஒரு மல்ரிமீற்றர் போதும். ஹார்ட்வெயார்க் கடைகளில் மலிவாகவே கிடைக்கும்.

காரை இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, காலையில் எதையும் இயக்குவதற்கு முன், பற்றரியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். 12.6 வோல்ற்றோ அதற்குச் சற்று மேலோ காட்டினால் முழுமையாக மின்னேறியிருக்கிறது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 என்பது கால்வாசி மட்டுமே. பலர் ‘12 வோல்ற் பற்றரி 12 காட்டுகிறது, சரிதானே’ என்று திருப்திப்படும் இடமும் இதுதான்.

அடுத்து, ஒருவர் ஸ்டார்ட் செய்ய மற்றவர் மீற்றரைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் அளவு 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால், நிற்கும்போது 12.6 காட்டிய பற்றரியும் உள்ளே தேய்ந்ததே. எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைவாக நின்றால், ஓடும்போது பற்றரியை மின்னேற்றும் ஒல்ரனேற்றரோ அதன் பட்டியோ சரியாக வேலை செய்யவில்லை. அந்நிலையிற் புதிய பற்றரி போட்டாலும் சில நாட்களில் பழைய கதைதான். அண்மையில் வந்த சில கார்களில் எரிபொருட் சிக்கனத்துக்காக மின்னேற்றத்தைக் கணினி கூட்டிக் குறைப்பதால், அவற்றில் ஒரு தடவை அளந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மூடி திறக்கும் வகைப் பற்றரியாக இருந்தால், ஐதரோமீற்றரால் கரைசலின் அடர்த்தியையும் பார்க்கலாம். முழு மின்னேற்றத்தில் 1.265 அளவில் இருக்க வேண்டும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தால் அந்தப் பற்றரியை இனி மின்னேற்றிப் பயனில்லை. தண்ணீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே விட வேண்டும். உப்புக் கலந்த கிணற்று நீர் தகடுகளுக்கு நஞ்சு.

புதிய பற்றரி வாங்கும்போது எதைக் கவனிப்பது?

கடைகளில் ‘என்எஸ் 60’ என்று கேட்டால் எடுத்துத் தரும் பற்றரியின் மேல் ‘46பி24எல்’ போன்ற குறியீடு இருக்கும். முன்னால் நிற்கும் எண் அதன் செயல்திறனையும், நடுவிலுள்ள எழுத்து அகல உயர வகையையும், அடுத்த எண் நீளத்தைச் சென்ரிமீற்றரிலும், கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் அமைந்துள்ளன என்பதையும் குறிக்கும். பக்கம் மாறிய பற்றரியை வாங்கிவிட்டு வயரை இழுத்துப் பூட்டுவது ஆபத்தானது. ‘சிசிஏ’ என்று அச்சிட்டிருக்கும் எண், கழித்தல் 18 பாகைக் குளிரில் 30 வினாடிகளுக்கு 7.2 வோல்ற்றுக்குக் குறையாமல் எத்தனை அம்பியர் கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. நமது தேவைக்கு வாகனக் கையேடு கேட்கும் அளவே போதுமானது. அதைவிட உற்பத்தித் திகதியைப் பாருங்கள். கடையிலேயே நெடுங்காலம் கிடந்த பற்றரி மலிவாகக் கிடைத்தாலும் மலிவல்ல.

முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கிறது. அதனால் ஸ்டார்ட் ஆகாமற் போகுமா?

போகும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கடலோரமாகவே வாழும் நமக்கு இது மற்ற மாவட்டத்தவரைவிட அதிகம் நேரும். உப்புக் காற்றும் பற்றரியிலிருந்து கசியும் அமில ஆவியும் சேர்ந்து முனைகளை அரித்துவிடும். விளக்குக்கும் ரேடியோவுக்கும் சிறிதளவு மின்சாரமே தேவை என்பதால் அவை இந்தப் பூப்பையும் தாண்டி வேலை செய்யும். ஸ்டார்ட்டர் நூற்றுக்கு மேற்பட்ட அம்பியரை ஒரே கணத்தில் இழுக்கும்போதுதான் தடை தெரியவரும்.

எஞ்சினை நிறுத்தி, மறைமுனையை முதலிலும் நேர்முனையைப் பின்னரும் கழற்றுங்கள். அப்பச்சோடாவை வெந்நீரிற் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, அறைகளுக்குள் அந்த நீர் இறங்காமற் பார்த்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் நேர்முனையை முதலிற் பூட்டி மேலே மெல்லியதாக வாஸ்லின் பூசிவிடுங்கள். இவ்வளவோடு நிறுத்தாமல், மறைமுனையிலிருந்து காரின் உடலுக்கும் எஞ்சினுக்கும் போகும் தடித்த ஏர்த் வயரின் மறு நுனியையும் பார்க்க வேண்டும். இங்கே பலரும் கோட்டை விடும் இடம் அந்த நுனி. துருப்பிடித்த ஒரு போல்ட், புதிய பற்றரியையும் பழையதாகக் காட்டிவிடும்.

வேறு காரிலிருந்து ஜம்பர் வயர் போடும் முறை என்ன?

முதலில் உதவிக்கு வரும் வாகனத்தின் வோல்ற்றைக் கேளுங்கள். பெரிய லொறிகளிலும் பஸ்களிலும் பலவற்றில் 24 வோல்ற் அமைப்பு இருக்கிறது. வீதியில் நிறுத்தி உதவ முன்வரும் லொறிச் சாரதியின் நல்ல மனதுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவதே காருக்கு நல்லது. 24 வோல்ற்றை 12 வோல்ற் காருக்குக் கொடுத்தால் கணினிப் பெட்டி கருகும், பற்றரி வெடிக்கவும் கூடும்.

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இரண்டிலும் எல்லா விளக்குகளும் ஏசியும் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு வயரின் ஒரு நுனியை இறங்கிய பற்றரியின் நேர்முனையிலும், மறு நுனியை நல்ல பற்றரியின் நேர்முனையிலும் மாட்டுங்கள். பின் கறுப்பு வயரை நல்ல பற்றரியின் மறைமுனையில் மாட்டி, அதன் மறு நுனியை ஸ்டார்ட் ஆகாத காரின் எஞ்சினில், பற்றரிக்குத் தூரமாக, வர்ணம் பூசாத இரும்புப் பகுதியொன்றில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பின்போது தீப்பொறி பறப்பது இயல்பு. பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு கசிந்துகொண்டிருக்கலாம் என்பதால் அந்தப் பொறியை அதன் அருகே வரவிடக் கூடாது. அதே காரணத்துக்காகச் சிகரெட்டையும் தள்ளி வையுங்கள். நல்ல காரைச் சில நிமிடங்கள் ஓட விட்ட பிறகு ஸ்டார்ட் செய்து, எழும்பியதும் மாட்டிய வரிசைக்கு எதிர் வரிசையில் வயர்களைக் கழற்றுங்கள்.

எழும்பிய காரை மத்திய வீதி வரை போய்த் தேநீர் குடித்துவிட்டு நிறுத்தினால் மறுபடியும் தள்ள வேண்டி வரும். இழந்த மின்னேற்றம் ஓரளவாவது திரும்புவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். முழுமையாக ஏற்றுவதற்கு கராஜிலுள்ள சார்ஜரே முறை.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கியர் மாற்றி ஓட்டும் கார்களில் மட்டும். திறப்பை ஒன் நிலையில் வைத்து, இரண்டாம் கியரில் கிளச்சை அழுத்திக்கொண்டு, கார் நடை வேகத்தைத் தாண்டியதும் கிளச்சை விட வேண்டும். உவர்மலையில் வீடுள்ளவர்களுக்கு இறக்கம் கைகொடுக்கும். மற்றவர்கள் அயலவர்களை நம்ப வேண்டியதுதான். ஒட்டோமெற்றிக் கார்களையும் ஹைபிரிட் கார்களையும் எவ்வளவு தள்ளினாலும் எழும்பாது. முற்றாக மின்சாரம் இறங்கிய ஈஎஃப்ஐ காரும், அதாவது கணினி மூலம் எரிபொருள் தெளிக்கும் காரும், எழும்பாது. அதன் எரிபொருட் பம்புக்கும் கணினிக்கும் சிறிதாவது மின்சாரம் வேண்டும். எஞ்சின் எழும்பும் வரை பிரேக்கும் ஸ்ரியரிங்கும் கனமாக இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இறக்கத்தில் விடுங்கள்.

என்னுடையது ஹைபிரிட். பெரிய பற்றரி இருக்கும்போது ஏன் உயிரே இல்லாமல் நிற்கிறது?

அக்குவா, பிரியஸ் போன்ற கார்களில் எஞ்சினைச் சுழற்றுவது உயர் வோல்ற் பற்றரி. ஆனால் கணினிகளை எழுப்பி, அந்தப் பெரிய பற்றரியை இணைக்கும் ரிலே எனும் மின் ஆளிகளை மூடுவதற்கு 12 வோல்ற் துணைப் பற்றரி வேண்டும். அது இறங்கினால் ‘ரெடி’ விளக்கு எரியாது. பெரிய பற்றரி நிறைந்திருந்தும் கார் அசையாது. துணைப் பற்றரி சாதாரண காரினதைவிடச் சிறியது. வெளிநாட்டுக்குப் போனவர்களின் கார் வாரக் கணக்கில் போர்வைக்குள் நின்றால் அதுவே முதலில் இறங்கும். மின்சாரக் கார்களுக்கும் இது பொருந்தும்.

பெரும்பாலான பிரியஸ் கார்களில் துணைப் பற்றரி பின்புறப் பொதிப் பகுதியில் இருக்கிறது. ஜம்பர் வயர் போடுவதற்கான நேர்முனை பொனெட்டுக்குக் கீழே பியூஸ் பெட்டிக்குள் தரப்பட்டிருக்கிறது. அக்குவாவில் துணைப் பற்றரி பின்னிருக்கைக்குக் கீழே உள்ளது. இவை பயணிகள் இருக்கும் காற்றுவெளிக்குள்ளேயே இருப்பதால், வாயுவை வெளியே கொண்டு செல்லும் குழாய் பொருத்தக்கூடிய, அதற்கென்று அமைந்த பற்றரியையே போட வேண்டும். விலை குறைவென்று சாதாரண பற்றரியை அங்கே திணிக்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மின்னேறும்போது வெளியேறும் வாயு குழந்தைகள் உட்காரும் இருக்கைக்குக் கீழே தேங்கும்.

ஹைபிரிட்டிலிருந்து மற்ற வாகனங்களுக்கு ஜம்பர் வயர் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். ஒரு பெரிய டீசல் வானின் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கும் வகையில் அதன் மின்னமைப்பு ஆக்கப்படவில்லை. உயர் வோல்ற் மின்சாரம் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களை எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, பெற்றோலும் இருக்கிறது. ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லையே?

திறப்பை ஒன் நிலைக்கு மட்டும் திருப்பி, ஏசி விசிறியையும் ரேடியோவையும் அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். பெரும்பாலான கார்களில் பின்னிருக்கைப் பக்கமிருந்து ஓரிரு வினாடிகள் மெல்லிய இரைச்சல் கேட்கும்; அது எரிபொருட் பம்பின் சத்தம். கேட்கவில்லை என்றால் பியூசையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். கேட்டால், இரண்டு மூன்று தடவை ஒன் செய்து அணைத்து, குழாயில் அழுத்தம் ஏறிய பின் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

குளிரில் பெற்றோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆகையால் குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெற்றோல் தெளிக்கப்பட வேண்டும். எவ்வளவு தெளிப்பது என்பதைக் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்றின் வெப்பநிலையை அறியும் சென்சரைப் பார்த்துக் கணினி தீர்மானிக்கிறது. அந்தச் சென்சர் பழுதாகி எஞ்சின் சூடாக இருப்பதாகத் தவறான செய்தி அனுப்பினால், திருகோணமலையில் ஒருவாறு எழும்பும் கார் நுவரெலியாவில் மறுத்துவிடும்.

திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ததாற் பெற்றோல் மணம் வீசினால் பிளக்குகள் நனைந்துவிட்டன என்று பொருள். பத்து நிமிடம் விட்டுவிட்டு, அக்சிலரேற்றரை அடிவரை அழுத்தியபடி சில வினாடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பல ஈஎஃப்ஐ கார்களில் அப்படி அழுத்தும்போது பெற்றோல் தெளிப்பு நிறுத்தப்படும். காற்று மட்டும் போய்ப் பிளக்குகள் உலரும். எந்த நிலையிலும் ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் சுழற்றக் கூடாது. இடையில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். தொடர்ந்து சுழற்றினால் பற்றரியோடு ஸ்டார்ட்டரும் போய்விடும்.

மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு என்றால் ஈரத்தைத் தேடுங்கள். பிளக் வயரில் வெடிப்பு இருந்தால், பிளக்குக்கு உயர் வோல்ற் தரும் கொயிலில் ஈரம் படிந்தால், உயர் வோல்ற் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே எஞ்சின் உடலுக்குத் தாவிவிடும். இருட்டில் பொனெட்டைத் திறந்து மற்றொருவரை ஸ்டார்ட் செய்யச் சொன்னால் நீலப் பொறியாக அது கண்ணுக்கே தெரியும். உலர்ந்த துணியால் துடைப்பதும், டபிள்யூடி 40 போன்ற ஈரம் விரட்டும் தெளிப்பை அடிப்பதும் அன்றைய காலையைச் சமாளிக்கும். வெடித்த வயரை மாற்றுவதே தீர்வு.

மாருதி 800, மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களுக்கு வேறு வழியா?

பெற்றோலைக் காபரேற்றரிற் காற்றோடு கலக்கும் இந்தக் கார்களுக்கு, காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் சோக் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு அதை இழுத்து, எழும்பியதும் சிறிது சிறிதாக உள்ளே தள்ள வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றி உட்புறத்தை உலர்த்துவதால் மழைநாட் காலைகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மலையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நமது கரையோரத்துக்குச் சரிசெய்த காபரேற்றர் அங்கே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கும். குளிர் என்று நினைத்துச் சோக்கை முழுவதும் இழுத்துப் பலமுறை சுழற்றினால் பிளக்குகள் நனைந்து கார் நின்றுவிடும். அரைச் சோக்கோடு தொடங்குவது அங்கே நல்லது.

டீசல் வான் காலையில் வெள்ளைப் புகை கக்குகிறது, பிடிக்க மறுக்கிறது. காரணம் என்ன?

டீசல் எஞ்சினிற் பிளக் பொறி கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. உலோகம் குளிர்ந்திருந்தால் அந்தச் சூடு போதாது. அதற்காகவே கிளோ பிளக் அல்லது ஹீற்றர் பிளக் பொருத்தப்படுகிறது. திறப்பை ஒன் செய்ததும் டாஷ்போட்டில் சுருள் வடிவ விளக்கு எரியும். அது அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். இங்குள்ள வெப்பத்தில் அந்த விளக்கைப் பார்க்காமலேயே எழுப்பிப் பழகிய டொல்பின் வான் சாரதிகள், நான்கு பிளக்குகளில் இரண்டு எரிந்துபோனதைக்கூட அறியாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். வெள்ளைப் புகை, பற்றாத டீசல் ஆவியாக வெளியேறுவதைக் காட்டுகிறது. கராஜில் ஒவ்வொரு பிளக்காகத் தடை அளந்து பார்ப்பது சிறிய வேலை. சுற்றுலா ஆட்களை ஏற்றிப் போகும் வான்களுக்கு மார்கழிக்கு முன் அதைச் செய்து வைப்பது நலம்.

புகையே வரவில்லை என்றால் டீசலே போகவில்லை. பில்ற்றருக்கு மேலுள்ள கைப் பம்பை அது இறுகும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்றிப் பாருங்கள். மாரியில் டீசலில் தண்ணீர் சேர்வதும் வழக்கம். பாதி வெறுமையான தாங்கிக்குள் ஈரக்காற்று குளிர்ந்து நீராக இறங்கும். பில்ற்றரின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டு, மழைக்காலம் முடியும் வரை தாங்கியை நிரம்பவே வைத்திருங்கள்.

எஞ்சின் ஒயிலை மாற்றினால் பயன் உண்டா?

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் இறுகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் ஒயில் அவ்வாறு உறைவதில்லை என்றாலும் குளிரக் குளிரத் தடிக்கும். 20டபிள்யூ-50 என்ற ஒயிலில் ‘டபிள்யூ’வுக்கு முன்னுள்ள எண் குளிர்ந்த நிலையில் ஒயில் எவ்வளவு தடிக்கும் என்பதைக் குறிக்கிறது, எண் சிறிதானால் குளிரில் எளிதாக ஓடும். 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 கேட்கும் புதிய ஜப்பானியக் கார்களுக்கு, ‘நமது வெயிலுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது’ என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது பரவலான பழக்கம். கையேடு சொல்லும் தரத்தை ஊற்றினாலே போதும். மலைக்கென்று தனி ஒயில் வேண்டியதில்லை.

வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. மகாவலி கொட்டியாரக் குடாவை அடையும் மூதூர்ப் பக்கத்திலும், வெருகலிலும், கிண்ணியா, தம்பலகாமத்துத் தாழ்நிலங்களிலும் உள்ளவர்கள் இதை அவசியம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. எயார் பில்ற்றர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், மேலே வரும் பிஸ்ரன் தண்ணீரில் முட்டி, இணைப்புத் தண்டு வளைந்துவிடும். உலர்த்தி எடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய எஞ்சின் அந்த ஒரு திருகலில் பாழாகும். தண்ணீர் கதவின் அடிமட்டத்தைத் தாண்டியிருந்தால் திறப்பையே போட வேண்டாம். பற்றரியின் மறைமுனையைக் கழற்றிவிட்டு, ஒயில் கோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் வெளுத்துக் கலங்கியிருந்தாலோ மட்டம் கூடியிருந்தாலோ உள்ளே தண்ணீர் இருக்கிறது. காரைத் தூக்கி ஏற்றும் வாகனத்தில் கராஜுக்கு அனுப்புங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே சேதத்தைத் தரும். ஹைபிரிட்டாக இருந்தால் பயிற்சி பெற்றவர் வரும் வரை கிட்டப் போகாதீர்கள். காப்புறுதி முறைப்பாட்டுக்காக, தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்து வைப்பது பின்னர் உதவும்.

எல்லாம் சரியாக இருந்தும் திறப்பை ஏற்க மறுக்கிறதே?

ஒட்டோமெற்றிக் காரில் கியர் ‘பி’யிலோ ‘என்’னிலோ இருக்கிறதா, பிரேக்கை அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பட்டனில் எழும்பும் கார் என்றால் ஸ்மார்ட் திறப்பின் சிறிய பற்றரி இறங்கியிருக்கலாம். திறப்பைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் பல கார்கள் ஏற்றுக்கொள்ளும்.

மழை தொடங்கியதும் எலிகள் பொனெட்டுக்குள் புகுந்து வயரைக் கடிக்கின்றன.

சூடும் உலர்ந்த இடமும் தேடி வருகின்றன. எஞ்சின் ஓடாமற் போன மழைநாட் காலையில் கடிபட்ட வயரையும் ஒருமுறை தேடுங்கள். கோழித்தீன் மூட்டைக்கும் குப்பைத் தொட்டிக்கும் பக்கத்தில் நிறுத்தாதிருப்பதும், வெளியே எடுக்காத காரின் பொனெட்டை அடிக்கடி திறந்து பார்ப்பதும் தெளிப்பான்களைவிடப் பயன் தரும்.

எழும்பிய பின் நெடுநேரம் நிறுத்தி வைத்துச் சூடேற்ற வேண்டுமா?

அரை நிமிடம் போதும். மலைக்குளிரில் ஒரு நிமிடம். அதன் பின் முதற் சில கிலோமீற்றர்களை அக்சிலரேற்றரை அழுத்தி மிதிக்காமல் மெதுவாக ஓட்டினால் எஞ்சின் விரைவில் சூடேறும்.

நுவரெலியாவுக்குப் புறப்படுமுன் இங்கே செய்ய வேண்டியது என்ன? அங்கே இரவு எப்படி நிறுத்துவது?

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக ஏறத்தாழ 250 கிலோமீற்றர் ஓடும் பயணம் என்பதால், ஒல்ரனேற்றர் நன்றாக இருந்தால் பற்றரி நிறைந்தே போய்ச் சேரும். ஆகவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் மேலே சொன்ன மூன்று வோல்ற் அளவுகளையும் எடுத்துவிடுங்கள். ஒரு வார அவகாசம் இருந்தால், பழுதான பற்றரியை வழியில் கிடைத்த விலைக்கு வாங்க நேராது. ரேடியேற்றரில் வெறும் தண்ணீர் விட்டிருந்தால் அதை வடித்து, முறையான கூலன்றை நிரப்புங்கள். துருவையும் தடுக்கும், உறைநிலையையும் தாழ்த்தும். தடித்த செப்புக் கம்பிகளாலான ஜம்பர் வயரும், திருகாணி கழற்றும் 10 மில்லிமீற்றர் ஸ்பானரும் பொதிப் பகுதியில் இருக்கட்டும். பளபளப்பான உறைக்குள் மெல்லிய கம்பி கொண்ட மலிவு வயர்கள் சூடேறி உருகுவதைத் தவிர வேறொன்றும் செய்யா.

விடுதியை அடைந்ததும் எஞ்சினை நிறுத்துமுன் ஹெட்லைட், ஏசி, கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கைபேசிச் சார்ஜரையும் கழற்றுங்கள். கூரை கிடைத்தால் அதன் கீழே நிறுத்துவது நல்லது. திறந்த வானத்தின் கீழ் நிற்கும் காரே அதிகம் குளிரும். மேட்டில் நிறுத்துவதானால் ஹான்ட்பிரேக்கோடு கியரையும் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பொனெட் சுவரைப் பார்த்திருக்கும்படி நெருக்கி நிறுத்தாமல், இன்னொரு கார் பக்கத்தில் வரக்கூடியவாறு திருப்பி நிறுத்துங்கள். சுவரோடு ஒட்டி நிற்கும் காருக்கு எந்த ஜம்பர் வயரும் எட்டாது.